மாலகாவுக்குப் போறவங்க எல் பாலோவுக்குப் போங்க, மீன் அங்கதான் இருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் கீழக்கரையில இருந்து எழுதுறேன். போன ஞாயித்துக்கிழமை சுற்றுலாப் பக்கத்துல ஸ்பெயின் நாட்டு மாலகா ஊரைப் பத்தி முழுப்பக்கம் போட்டிருந்தீங்க, ரெண்டு தடவ படிச்சேன், ஏன்னா அந்த ஊர்லதான் என் மக குடியிருக்கா, மருமவனுக்கு அங்க கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை, நானும் எங்க வீட்டுக்காரவுகளும் ஜூன் ஜூலையில ஒன்றரை மாசம் அங்க இருந்துட்டு வந்தோம். பிகாசோ பொறந்த வீடு, மலை மேல கோட்டை, துறைமுகம் எல்லாம் சரியாத்தான் எழுதியிருந்தாங்க. சாப்பாட்டுக்கு மட்டும் ரெண்டே வரி. பாயெல்யான்னு ஒரு சோறு சாப்பிடலாம், இந்திய ஓட்டலும் இருக்குன்னு முடிச்சுட்டாங்க. கடல் ஊரைப் பத்தி எழுதிட்டு மீனைப் பத்தி ஒண்ணுமே சொல்லாம விட்டது எனக்கு மனசே ஆறல. எங்க வாப்பா கருவாட்டு வியாபாரம் பண்ணவுக, நான் மீன் கூடைக்குப் பக்கத்துலயே வளந்தவ. அதான் இந்த லெட்டர்.

முதல்ல பாயெல்யா விஷயம். அது மாலகா சாப்பாடே இல்ல, வலென்சியா பக்கத்துச் சாப்பாடு, அதுவும் ஒரிஜினலா கோழி, முயல், பீன்ஸ் போட்டு வயக்காட்டு ஆளுங்க ஆக்கினது. மாலகாவுல டூரிஸ்ட் நடமாடுற தெருவுல கலர் போட்டோ போர்டு வச்சு விக்கிறாங்களே, அதுல ஏமாந்துராதீங்க. நாங்க போன முதல் வாரமே சர்ச்சுக்குப் பக்கத்துல ஒரு கடையில உக்காந்துட்டோம், பேரு வேணாம். மஞ்சக் கலர்ல சோறு வந்துச்சு, ஓரமெல்லாம் காஞ்சு போயி எப்பவோ ஆக்கினத சூடு பண்ணிக் கொடுத்தது வாயில வச்சதுமே தெரிஞ்சிருச்சு. அதோட முழு மீன் ஒண்ணு கேட்டோம், மெனுவுல விலைக்குப் பதிலா எடைக்கு ஏத்த மாதிரின்னு போட்டிருந்துச்சு, எடை எவ்வளவுன்னு நாங்களும் கேக்கல அவங்களும் சொல்லல, பில்லைப் பாத்து எங்க வீட்டுக்காரவுக ரொம்ப நேரம் பேசவே இல்ல. அதனால சொல்றேன், எடைக்கு விலைன்னு போட்டிருந்தா ஆக்குறதுக்கு முன்னாடியே மீனைக் காட்டச் சொல்லுங்க, எத்தன கிராம், எத்தன யூரோன்னு கேட்டுக்கங்க. கேட்டா அங்க யாரும் தப்பா நினைக்கிறதில்ல.

மறுநாள் மக வீட்டுக்குப் பக்கத்து வீட்டம்மாகிட்ட மக இதைச் சொல்லியிருக்கா. அந்தம்மாவுக்கு என் வயசு இருக்கும், மீனவக் குடும்பம். மீனுக்கு ஏன் அங்க போனீங்க, பஸ் ஏறி எல் பாலோவுக்குப் போங்கன்னு சொல்லிட்டாங்க. டவுன்ல இருந்து 11-ம் நம்பர் பஸ், கிழக்குப் பக்கமா கடலை ஒட்டியே போகும். முதல்ல பெத்ரெகலெஹோன்னு ஒரு இடம், அதைத் தாண்டி எல் பாலோ. ரெண்டுமே பழைய மீனவக் குப்பங்க. சின்னச் சின்ன வீடு, வாசலைத் தாண்டினா நடைபாதை, அதைத் தாண்டினா மணல், அங்கனயே சாப்பாட்டுக் கடை. கடற்கரைக் கடைக்கு அவங்க பாஷையில சிரிங்கித்தோன்னு பேரு. இறங்கினதுமே மீன் சுடுற வாசம், எனக்கு ஏதோ நம்ம மண்டபம் ஊர்ல பஸ் விட்டு இறங்கின மாதிரி இருந்துச்சு.

அங்க நான் பாத்ததை அப்படியே சொல்றேன். கடலுக்குப் போயி ஓஞ்ச படகு ஒண்ணை மணல்ல ஏத்தி வச்சிருக்காங்க, சில கடையில படகு மாதிரியே இரும்புல செஞ்சதும் இருக்கு, அது நெறைய மணலைக் கொட்டி, அதுல ஒலிவ மர விறகு போட்டு தீ. பக்கத்துல ஒருத்தர் குனிஞ்சு உக்காந்து சாளை மீனைக் குச்சியில கோக்குறாரு. சாளைதான், நம்ம மத்தின்னு சொல்றோமே அந்தச் சாதி. அறுக்கல, செதில் சீவல, குடல் எடுக்கல, கல்லுப்பு மட்டும் தூவியிருக்கு. நாணல் தட்டையைப் பிளந்து முனையைச் சீவி வச்சிருக்காரு, அதை மீனோட நடுமுள்ளுக்குக் கீழ விட்டு அந்தப் பக்கம் வாங்குறாரு. ஒரு குச்சிக்கு ஆறு மீன். முள்ளு குச்சிக்கு மேல தாங்கிக்கிட்டு இருக்குறதால எவ்வளவு வெந்து மெத்துன்னு ஆனாலும் மீன் கழண்டு விழல. அப்புறம் அந்தக் குச்சியை தீ மேல வைக்கல, தீக்குப் பக்கத்துல மணல்ல குத்தி நிறுத்துறாரு, காத்து எந்தப் பக்கம் இருந்து வருதோ அந்தப் பக்கம். புகை அடுத்த பக்கமாப் போயிருது, மீனுக்கு அனல் மட்டும்தான். ஒரு பக்கம் தோல் பொரிஞ்சு எண்ணெய் சொட்ட ஆரம்பிச்சதும் குச்சியைத் திருப்பிக் குத்துறாரு. கொஞ்ச நேரத்துல தட்டுல எலுமிச்சம்பழத்தோட வந்துருது. இதுக்குப் பேரு எஸ்பெத்தோ. மசாலா கிடையாது, மிளகாய் கிடையாது. என் மருமவன் மிளகாய்த்தூள் பாக்கெட் கொண்டு வந்திருந்தாரு, பிரிக்கவே இல்ல.

அந்த மீனை முள்ளுக் கரண்டியில சாப்பிடக் கூடாது. அதுக்கு அங்க ஒரு கதையே இருக்கு. 1884 டிசம்பர் 25-ம் தேதி அந்தப் பக்கம் பெரிய பூகம்பம், அடுத்த மாசம் ராஜா பன்னிரண்டாம் அல்போன்சோ சனங்களைப் பாக்க வந்தாராம். எல் பாலோவுல மிகேல்னு ஒருத்தர் கடற்கரையில சாளை சுட்டு வித்துக்கிட்டு இருந்திருக்காரு, அவர் கடையில ராஜாவுக்கும் ஒரு தட்டு. ராஜா கத்தியும் கரண்டியும் எடுத்ததும் மிகேல், ராஜா அப்படி இல்ல, கையாலன்னு சொல்லிட்டாராம். இதை எங்களுக்குச் சொன்ன பக்கத்து வீட்டம்மா ராஜா மாதிரி நிமுந்து உக்காந்து ரெண்டு விரல்ல மீனைத் தூக்கிக் காட்டினாங்க. நாங்க கையால சாப்பிடுறத பாத்து அந்தம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

எப்ப போறீங்கங்கிறதும் முக்கியம். அவங்க பாஷையில மாசத்தோட பேர்ல ‘ர’ சத்தம் இல்லாத மாசத்துலதான் சாளை ருசின்னு ஒரு பேச்சு இருக்கு, மே ஜூன் ஜூலை ஆகஸ்ட் நாலு மாசமும் அவங்க உச்சரிப்புல ‘ர’ இல்லாம வருது. அந்த மாசங்கள்ல மீன்ல கொழுப்பு ஏறியிருக்கும். குளிர்காலத்துல போறவங்க எஸ்பெத்தோ சப்புன்னு இருந்துச்சுன்னு வந்து சொன்னா மீன் மேல தப்பு இல்ல.

அடுத்தது நெத்திலி. அவங்க பொக்கெரோன்னு சொல்றது நம்ம நெத்திலி குடும்பம்தான், கொஞ்சம் பெருசு. மாலகாக்காரங்களுக்கு பட்டப்பேரே பொக்கெரோனெஸ், நெத்திலிக்காரங்கன்னு வச்சுக்கங்களேன், அதுல அவங்களுக்குப் பெருமை. பொரிக்கிறதுலயும் ஒரு அழகு இருக்கு. தலையும் குடலும் எடுத்துட்டு நாலஞ்சு மீனை வாலோட வால் சேத்து நுனியில ஒரு அமுக்கு அமுக்கி, விசிறி மாதிரி பிடிச்சு மாவுல தோச்சு ஒலிவ எண்ணெயில விடுறாங்க, பொரிஞ்சு வரும்போதும் விசிறி மாதிரியே வருது. மாவுல தண்ணி சேக்குறதில்ல, வெறும் மாவைப் பெரட்டி உதறிட்டுப் போடுறாங்க, அதனால எண்ணெய் குடிக்காது. மீன் பொரியலுக்கு மொத்தமா பெஸ்காயித்தோன்னு பேரு. அதுல நகரை மீன் வரும், நம்ம பாக் ஜலசந்தியில வலையில ஏறுமே அதே சிவப்பு நகரை மாதிரி தாடையில ரெண்டு மீசையோட. ஊசிக் கனவாய் வட்ட வட்டமா வரும். சுறாக் குட்டியை வினிகர், பூண்டு, சீரகம் போட்டு ஊற வச்சுப் பொரிக்கிறது ஒண்ணு இருக்கு, கசோன் என் அதோபோன்னு கேக்கணும், சீரகம் நாக்குல பட்டதும் எங்க வீட்டுக்காரவுக இன்னொரு தட்டு சொல்லிட்டாக. காரம் வேணும்னா றால் பில்பில். மண் சட்டியில ஒலிவ எண்ணெய் கொதிக்கக் கொதிக்க பூண்டும் காஞ்ச மிளகாயும் கெடக்கும், றாலை விட எண்ணெயில ரொட்டியைத் தொட்டுத் தின்னுறதுதான் ருசி.

எங்க வாப்பா இருந்திருந்தா அவுகளைக் கூட்டிட்டுப் போயிருக்க வேண்டிய இடம் ஒண்ணு எல் பாலோ கடற்கரையில இருக்கு, எல் தின்தெரோ. அங்க மெனு கார்டைப் பாத்துச் சொல்ற வழக்கம் இல்ல. சர்வர்ங்க கை நெறைய தட்டு அடுக்கிக்கிட்டு, பொரிச்ச கனவாய் இருக்கு, றால் இருக்குன்னு கத்திக்கிட்டே மேசைக்கு நடுவுல வர்றாங்க, வேணும்னா கையைத் தூக்கினா தட்டு நம்ம முன்னாடி வந்துரும். கடைசியில ஒருத்தர் வந்து காலித் தட்டை எண்ணி பில் போடுறாரு. ஏலக் கொட்டகையில காலையில கேக்குற சத்தமேதான். அமைதியா பேசிக்கிட்டு சாப்பிடணும்னு நினைக்கிறவங்களுக்கு இது ஒத்து வராது, பிள்ளைகளோட போறவங்க கட்டாயம் போகணும்.

அந்தக் கரையில இன்னொண்ணும் பாத்தேன். ஹாபெகான்னு நீளமா ஒரு துடுப்புப் படகு, முன்பக்கம் ரெண்டு கண்ணு வரைஞ்சிருக்கும். இப்ப போட்டிக்கு வலிக்கிறாங்க, அந்தக் காலத்துல அதுல போயி வலையை வளைச்சுப் போட்டுட்டு வந்து கரையில இருந்து ஆளுங்க ரெண்டு பக்கமும் இழுப்பாங்களாம். நம்ம கரைவலைதான். பேரு அரபிச் சொல்லுல இருந்து வந்ததுன்னு மருமவன் சொன்னாரு, ஷபக்கான்னா வலை, அது எனக்கு மதரஸாவுல படிச்ச சொல்லு.

அரபின்னதும் டவுனுக்குள்ள இருக்குற மார்க்கெட்டைச் சொல்லியாகணும். அத்தாரசானாஸ் மார்க்கெட். அந்த வார்த்தையும் தாருஸ் ஸினாஆங்கிற அரபியில இருந்து வந்ததுதான், வேலை செய்யுற இடம்னு அர்த்தம், முஸ்லிம் ராஜாங்க காலத்துல கப்பல் கட்டுற துறை அது. அப்ப கடல் அதுவரைக்கும் இருந்திருக்கு, இப்ப தள்ளிப் போயிருச்சு. அந்தக் கட்டடத்துல மிச்சம் இருக்குறது ஒரே ஒரு பளிங்கு வாசல், குதிரை லாடம் மாதிரி வளைவு, பின்னாடி 1870-கள்ல இரும்புல மார்க்கெட் கட்டினப்போ வாசலை இடிக்காம அப்படியே வச்சுக்கிட்டாங்க. அந்த வளைவுக்கு மேல சின்னக் கேடயம் மாதிரி ரெண்டு, அதுல எழுத்து. நான் காய்கறிப் பையோட நின்னு கண்ணாடியைப் போட்டுப் படிச்சேன், வலா ஙாலிப இல்லல்லாஹ், அல்லாஹ்வைத் தவிர வெற்றியாளர் யாருமில்ல. மீன் மார்க்கெட் வாசல்ல. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு, மக கையைப் பிடிச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்னேன்.

உள்ள மீன் வரிசையில போயி பாருங்க, ஐஸ் மேல அடுக்கி வச்சிருக்குறதைப் பாத்தாலே பசிக்கும். மீன் கடைக்குப் பக்கத்துலயே சின்னச் சின்ன பார் இருக்கு, நின்னுக்கிட்டே பொரிச்ச மீன் சாப்பிடலாம், ஓட்டலை விட விலை கம்மி, மீன் அங்க விக்கிற அதே மீன். காலையில இருந்து மதியம் வரைக்கும்தான் திறந்திருக்கும், ஞாயித்துக்கிழமை லீவு. அங்கிருந்து நடந்து போற தூரத்துல ரோமர் காலத்து அரங்கம் இருக்கு, அது பக்கத்துல தரையில ஒரு கண்ணாடிக் கூம்பு வச்சிருக்காங்க, குனிஞ்சு பாத்தா கீழ கல்லுத் தொட்டி தெரியும். மீனை உப்புல ஊற வச்சு கரும்னு ஒரு குழம்பு செஞ்சு ரோம் வரைக்கும் அனுப்பின தொட்டிங்க. கருவாட்டுக்காரன் மக நான், அந்தத் தொட்டியோட அளவையும் சரிவையும் பாத்ததும் எதுக்குன்னு யாரும் சொல்லாமலே புரிஞ்சுச்சு.

நம்ம முஸ்லிம் சனங்க நெறைய பேர் ஹலால் எப்படின்னு கேக்குறாங்க. பன்றி அங்க எங்க பாத்தாலும் இருக்கு, கத்தரிக்காய்ல கூட, சூப் மேல கூட ஹமோன்னு பன்றித் துண்டைத் தூவிருவாங்க. சின் ஹமோன், சின் செர்தோ, இந்த ரெண்டையும் பாடம் பண்ணிக்கங்க, அது இல்லாமன்னு அர்த்தம். சிப்பி, மட்டி வகையில வைன் ஊத்துறதும் உண்டு, சின் வினோன்னு கேட்டு வாங்குங்க. சுட்ட மீன்ல இந்தத் தொல்லையே இல்ல, உப்பும் நெருப்பும்தான். நாங்க ஷாஃபி மத்ஹபு, அது மார்க்கச் சட்டத்துல ஒரு பிரிவு, கடல்ல வாழுறது எங்களுக்குத் தடையில்லங்கிறதால ஒன்றரை மாசமும் மீன், கனவாய், றாலுன்னு நிம்மதியா சாப்பிட்டோம்.

சைவக்காரங்களுக்கும் ஒண்ணு ரெண்டு இருக்கு. கத்தரிக்காயை வறுத்து மேல கரும்புப் பாணி ஊத்தித் தருவாங்க, அந்தக் கடற்கரைப் பக்கம் கரும்பைக் கொண்டு வந்ததும் அரபிங்கதான். பாதாம், பூண்டு, ரொட்டி, ஒலிவ எண்ணெய் அரைச்ச வெள்ளைக் குளிர் சூப் ஒண்ணு, அஹோபிளாங்கோ, திராட்சை மிதக்கும், வெயிலுக்கு அவ்வளவு இதம். காலையில 1932-ல இருந்து நடக்குற காசா அரந்தான்னு ஒரு கடையில சுர்ரோவும் கெட்டி சாக்லேட்டும், நம்ம முறுக்கு மாவைச் சுடச்சுட எண்ணெயில பிழிஞ்ச மாதிரி ஆனா மெத்துன்னு.

நேரம் மட்டும் பழகிக்கணும். மதியச் சாப்பாடு ரெண்டு மணிக்கு மேலதான், நாலு மணியோட பல கடையில அடுப்பை அணைச்சிருவாங்க, ராத்திரி எட்டரை ஒம்பதுக்கு முன்னாடி போனா ஆளே இருக்க மாட்டாங்க. மதியம் மெனு தெல் தியான்னு கேட்டா ஒரே விலையில ரெண்டு வகை, ரொட்டி, குடிக்க ஒண்ணு, கடைசியில இனிப்பு, எல்லாம் சேந்து வரும், கட்டுப்படியாகும். நாங்க எஸ்பெத்தோ ஒரு குச்சி மூணு யூரோவுக்குள்ள சாப்பிட்டோம், நம்ம காசுக்கு முந்நூறு ரூபா கிட்ட. ஆறு சாளை முந்நூறு ரூபா.

அந்தக் கணக்கைப் போட்டதுல இருந்துதான் எனக்கு நம்ம ஊர் நினைப்பு விடல. நம்ம கரையில சாளை நல்லா பட்ட அன்னைக்கு என்ன நடக்குது? கூறு போட்டு அள்ளிக் கொடுத்துட்டு மிச்சத்தை மீன் மாவுக்கு லாரியில ஏத்தி விட்டுர்றாங்க, சங்காயம்னு ஒதுக்குற கழிவு மீனோட சேந்து அதுவும் கோழித் தீவனமா போயிருது. கனவாய் நம்ம பக்கத்துல இருந்து ஐஸ் பெட்டியில ஏறி ஸ்பெயினுக்கே போகுது. ராமேஸ்வரத்துக்கு அவ்வளவு சனம் வருது, கோயிலைச் சுத்தி சைவம் இருக்குறது தான் முறை, அதை யாரும் குறை சொல்ல முடியாது, ஆனா தனுஷ்கோடி போற வழியில அக்காமாருங்க கொட்டகை போட்டு மீன் பொரிச்சுத் தர்றாங்களே அதை விட்டா பாம்பன், மண்டபம், தேவிபட்டினம், தொண்டின்னு இவ்வளவு நீளக் கரையில வெளியூர்க்காரர் ஒருத்தர் வந்து, வலையில ஏறின மீனைக் கரையிலயே உக்காந்து சாப்பிட எத்தன இடம் இருக்கு? காரங்காட்டுல ஊர்ச் சனங்களே அலையாத்திக் காட்டைச் சுத்திக் காட்டி மீன் சாப்பாடும் போடுறாங்க, அந்த மாதிரி ஊருக்கு ஒண்ணு வந்தா மீன் விக்கிற பொம்பளைங்களுக்கு கையில நாலு காசு நிக்கும். எல் பாலோவுல யாரும் புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்கல, கடலுக்குப் போனவங்க கரையில சுட்டுத் தின்னதைத்தான் மேசை போட்டு விக்கிறாங்க. நம்ம ஆளுங்களும் படகை ஏத்திட்டு கரையில சுட்டுத் தின்னவங்கதான், வாப்பா சொல்லி நான் கேட்டிருக்கேன், பனை ஓலையைக் கொளுத்தி சாளையைப் போட்டு, சாம்பலைத் தட்டிட்டு சாப்பிடுவாகளாம்.

அதனால ஆசிரியர்கிட்ட நான் கேக்குறது ரெண்டு. மாலகாவைப் பத்தி மறுபடி எழுதினா எல் பாலோவைச் சேத்து எழுதுங்க, நம்ம மாவட்டத்துப் பிள்ளைங்க எவ்வளவோ பேர் படிப்புக்கும் கப்பல் வேலைக்கும் ஐரோப்பா பக்கம் போறாங்க, அவங்களுக்கு உதவும். ரெண்டாவது, அதே சுற்றுலாப் பக்கத்துல ஒரு வாரம் நம்ம ராமநாதபுரம் கரைக்குக் கொடுங்க, எந்த ஊர்ல எந்த மாசம் எந்த மீன், யாரு சமைச்சுத் தர்றாங்கன்னு ஒரு நிருபரை அனுப்பி எழுதச் சொல்லுங்க.

ஊருக்கு வந்ததும் நான் செஞ்சு பாத்தேன். பழைய இரும்புத் தொட்டியில கடல் மணலைக் கொட்டி கொல்லையில வச்சு, ஒலிவ மரத்துக்கு எங்க போறது, நம்ம சீமைக்கருவேல விறகு, பனை மட்டையைச் சீவி குச்சி. முதல் தடவ குச்சியைக் காத்து போற பக்கம் குத்திட்டேன், மீன் பூரா புகை வாடை. மறுநாள் பக்கம் மாத்திக் குத்தினேன், குச்சியையும் கொஞ்ச நேரம் தண்ணியில ஊறப் போட்டேன், தோல் பொரிஞ்சு உப்பு வெடிச்சு அதே மாதிரி வந்துச்சு. பக்கத்து வீட்டு ராத்தா ஆறு மீனையும் ஒரே ஆளா சாப்பிட்டாங்க. உங்க நிருபர் வர்றதா இருந்தா மீன்பிடித் தடை ஜூன் 14-ம் தேதி முடியுது, அதுக்கு அடுத்த வாரம் வரச் சொல்லுங்க. ஒரு நாள் முன்னாடி தகவல் சொன்னா போதும், விடியக்காலையில கரைக்குப் போயி நானே மீன் எடுத்து வச்சிர்றேன்.

இப்படிக்கு,
கருவாட்டு வியாபாரி மகள்,
கீழக்கரை.